அப்பாவின் குடல் கறுத்திருக்கிறது: ஒட்டிப்போன அழுக்கா, வேறு ஏதாவதா?

மேலூர்க்காரன் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 63 வயது. இரண்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது, யாரிடமும் மூச்சு விடவில்லை, அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னார். மூலமாகத்தான் இருக்கும் என்று அவராகவே மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறார், நிற்கவில்லை. போன வாரம் ஒரு மருத்துவமனையில் கொலோனோஸ்கோப்பி (பின்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தோம். உள்மூலம் இருக்கிறது, ரத்தம் அதிலிருந்துதான், ஏறுகுடலில் 4 மில்லிமீட்டரில் ஒரு பாலிப், அதாவது சின்னச் சதை வளர்ச்சி, இருந்தது, அதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். இதுவரை சரி.

ரிப்போர்ட்டில் இன்னொரு வரியும் இருந்தது: "மெலனோசிஸ் கோலை". பக்கத்தில் நான்கு கலர் படம். அதில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. குடல் சுவர் முழுக்கக் கறுப்பும் பழுப்புமாக, நடுவே வெளிர்க் கோடுகள் ஓடி, பாம்புத் தோலை விரித்து வைத்த மாதிரி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டதற்கு, "பேதிப் பொடி ஏதாவது சாப்பிடுகிறாரா? நிறுத்தச் சொல்லுங்க, பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

சாப்பிடுகிறார்தான். பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் ராத்திரி ஒரு ஸ்பூன் நிலாவரைப் பொடி, வெந்நீரில். அது இல்லாமல் அவருக்குத் தூக்கமே வராது.

சித்தப்பா வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டதுதான் நான் செய்த தப்பு. "கறுப்பாக இருப்பது வருஷக்கணக்காகக் குடலில் காறை பிடித்த மலம், ஒவ்வொருவர் வயிற்றிலும் 5 கிலோ வரை இருக்கிறது" என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. கூடவே பின்வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் இடம் ஒன்றின் விளம்பரம், ஏழு முறை போக வேண்டுமாம். அப்பா நம்பிவிட்டார். "பொடி சாப்பிட்டே இவ்வளவு சேர்ந்திருக்கு, நிறுத்தினா என்ன ஆகும்னு நீயே யோசி" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் பெருங்குடல் என்பது கழிவு தேங்கும் தொட்டி மட்டும்தானா? அந்தக் கறுப்பு என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கோப்பிரூம்அக்கா எழுதியது:

தம்பி, நான் டாக்டர் இல்லை, 14 வருஷமாக ஸ்கோப்பி ரூமில் நிற்கிற டெக்னீஷியன். வைத்தியம் சொல்ல மாட்டேன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அது அழுக்கு இல்லை. அழுக்காக இருந்தால் முதல் நாள் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்திருப்பாரே அந்தப் பவுடர் தண்ணீர், அதோடு போயிருக்கும். கடைசியாகப் போவது இளநீர் மாதிரி தெளிவாக, லேசான மஞ்சளில் வந்தால்தான் நாங்கள் டேபிளிலேயே ஏற்றுவோம். பாதி குடித்துவிட்டு பாதியை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வருகிறவர்களும் உண்டு, அதுவும் உள்ளே போனதும் தெரிந்துவிடும். அவர்கள் குடலில் நான் பார்ப்பது என்ன தெரியுமா, நேற்றைய கீரை நார், தக்காளி விதை, கொய்யா விதை. விதை ஸ்கோப்பின் உறிஞ்சும் துளையில் போய் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும், அதனால்தான் விதையுள்ளது எதுவும் வேண்டாம் என்று சில நாள் முன்பே சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். சுவரில் வருஷக்கணக்காகக் காறையாக ஒட்டியிருந்தது என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. 5 கிலோ வேண்டாம், 5 கிராம் கூட.

நல்ல குடல் எப்படி இருக்கும் என்று கேட்டால், கண்ணாடி முன்னால் உதட்டை மடக்கி உட்பக்கத்தைப் பாருங்கள், அதே இளஞ்சிவப்பு, அதே ஈரப் பளபளப்பு, அடியில் மெல்லிய ரத்த நாளங்கள் மரக்கிளை மாதிரி ஓடும். ஆளை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தொடங்குவோம். முதலில் மலக்குடல், அது அகலமாக இருக்கும். அடுத்து சிக்மாய்டு என்கிற வளைவு, எங்களுக்குத் தலைவலியே அங்கேதான், கட்டுப்பாடில்லாமல் தொங்குகிற குடல் என்பதால் ஸ்கோப்போடு சேர்ந்து அதுவும் வளையம் போட்டுக்கொள்ளும். நான் வயிற்றில் கை வைத்து அழுத்திப் பிடிப்பது அதற்காகத்தான், நிறையப் பேர் நான் சும்மா அமுக்குகிறேன் என்று நினைக்கிறார்கள். அதைத் தாண்டினால் இறங்குகுடல், நேராக ஒரு சுரங்கம். மண்ணீரல் பக்கம் ஒரு திருப்பம், பிறகு குறுக்குக்குடல். அங்கே போனதும் வட்டமாக இருந்த வழி முக்கோணமாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது ஒரு அழகுதான். அடுத்த திருப்பத்தில் சுவர் வழியாகக் கல்லீரலின் நீல நிழல் தெரியும். அப்புறம் ஏறுகுடலில் இறங்கி, கடைசி முட்டுச்சந்து சீக்கம். அங்கே குடல்வாலின் வாய் சின்னப் பிறை மாதிரி தெரியும், பக்கத்தில் சிறுகுடல் வந்து சேரும் வால்வு உதட்டைக் குவித்த மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் படம் எடுத்தால்தான் முழுதாகப் பார்த்ததாகக் கணக்கு. அப்பாவின் நான்கு படத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பெருங்குடல் நீளம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். ஆனால் ஸ்கோப்பை 70, 80 சென்டிமீட்டர் விட்டாலே கடைசி வரை போய்விடலாம். பாவாடைக்கு நாடா கோக்கும்போது துணி சுருங்கிச் சுருங்கி நாடா மேல் ஏறும் இல்லையா, அதே போலத்தான், குடலை ஸ்கோப்பின் மேல் சுருக்கி ஏற்றிவிடுவார் கைத்தேர்ச்சி உள்ள டாக்டர்.

இப்போது உங்கள் கறுப்புக்கு வருகிறேன். நிலாவரை, அது சேர்ந்த மாத்திரை, டீத்தூள் மாதிரி பாக்கெட்டில் விற்கும் மூலிகைப் பேதி டீ, இவற்றை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களிடம் இதைப் பார்ப்போம். வலது பக்கம் அதிகம், இடது பக்கம் வரவர வெளுக்கும். சீக்கத்தில் கன்னங்கரேல் என்று இருக்கும், வால்வுக்குள் எட்டிப் பார்த்தால் சிறுகுடல் ரோஸ் நிறத்தில் இருக்கும், கோடு கிழித்த மாதிரி அங்கே நின்றுவிடும். ஏன் என்று எனக்குத் தெரியாது, படித்தவர்கள் யாராவது சொல்லட்டும். இன்னொன்று, பாலிப்பில் அந்தக் கறுப்பு ஏறாது. கறுத்த சுவரில் அது மட்டும் வெளுப்பாக எழும்பி நிற்கும். அப்பாவின் 4 மில்லிமீட்டர் பாலிப் அவ்வளவு சின்னதாக இருந்தும் அகப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அந்த வகையில் பொடிக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள்.

எலும்பும்தசையும் எழுதியது:

அக்கா, முக்கோணம் என்று சொன்னீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு எடுப்பவன், உங்களைப் போல உயிரோடு இருக்கும் குடலைப் பார்த்ததைவிட ஃபார்மலினில் இருப்பதைப் பார்த்ததே அதிகம்.

எந்தக் குழாயிலும் நீளவாக்கில் ஓடும் தசை சுற்றிலும் ஒரே சீராக இருக்கும், சிறுகுடலில் அப்படித்தான். பெருங்குடலில் மட்டும் அது மூன்று நாடாக்களாகத் திரண்டிருக்கிறது. நாடா குடலைவிட நீளம் குறைவு, அதனால் குடல் சுருக்கு வைத்துத் தைத்த துணி மாதிரி பை பையாகப் புடைத்துக்கொள்கிறது. (பாவாடை உவமையை நான்தான் வகுப்பில் சொல்வேன் என்று நினைத்திருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.) மூன்று நாடா மூன்று பக்கம் இழுப்பதால்தான் உள்ளே முக்கோணம். இந்த மூன்றும் போய் முடிகிற இடம் குடல்வாலின் அடி. அறுவை செய்யும்போது குடல்வால் கண்ணில் படவில்லை என்றால் நாடாவைப் பிடித்துக்கொண்டே போனால் போதும், அது கொண்டுபோய் விட்டுவிடும்.

தொட்டியா என்று கேட்டார் மேலூர்க்காரர். தொட்டி இல்லை, களம். நெல் காயப்போடும் களம். கணக்கைப் பாருங்கள்: ஒரு நாளில் நாம் குடிப்பதும் சாப்பாட்டில் வருவதுமாக 2 லிட்டர், எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு என்று உடம்பே ஊற்றுவது 7 லிட்டர், ஆக 9 லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மீதி ஒன்று, ஒன்றரை லிட்டர் கஞ்சித் தெளிவு மாதிரி வால்வைத் தாண்டி சீக்கத்தில் விழுகிறது. அதிலிருந்து உப்பையும் அதன் பின்னாலேயே தண்ணீரையும் இழுத்து, கடைசியில் 100, 200 மில்லி தண்ணீரோடு வெளியே விடுகிறது பெருங்குடல். தேவைப்பட்டால் நாளுக்கு 4 லிட்டர் வரைகூட அதனால் இழுக்க முடியும், அதையும் மீறி வந்தால்தான் நமக்குத் தண்ணீராகப் போகிறது.

களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு யாரும் சும்மா இருப்பதில்லை, காலால் துழாவித் துழாவி விடுவார்கள், அடிநெல் மேலே வர வேண்டும். அந்தப் பைகள் செய்வது அதைத்தான். ஒரு பை சுருங்கும், பக்கத்துப் பை விரியும், பண்டம் முன்னும் பின்னுமாகப் புரளும், நகர்வது என்னவோ கொஞ்சம்தான். அதனால்தான் சில மணி நேரத்தில் சிறுகுடலைக் கடந்த சாப்பாடு இந்த ஒன்றரை மீட்டரைக் கடக்க ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள்கூட எடுக்கிறது. மெதுவாகப் போவது நோய் இல்லை, அந்த உறுப்பின் வேலையே அது.

அப்படியானால் தள்ளுவது எப்போது? நாளுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் பெரிய அலை ஒன்று எழுந்து, குறுக்குக்குடலில் இருப்பதை ஒரே தள்ளாகக் கீழே கொண்டுவரும். வெறும் வயிற்றில் சாப்பாடோ காபியோ இறங்கியதும் இரைப்பை விரிய, அந்தச் சேதி பெருங்குடலுக்குப் போக, அலை எழும். காலையில் காபி குடித்ததும் வருகிறது என்று எல்லார் வீட்டிலும் ஒருவர் சொல்வாரே, அது மனப்பிரமை இல்லை. மலக்குடல் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், அலை வந்து அதை நிரப்பும்போதுதான் நமக்கு உணர்வு வரும். ஆசனவாயின் உள்வளையத் தசை நம்மைக் கேட்காமலே தளரும், வெளிவளையத் தசை நம் சொல்லைக் கேட்கும். உள்வளையம் தளரும் அந்த ஒரு நொடியில் ஆசனவாயின் உள்தோல் வந்திருப்பது காற்றா, தண்ணீரா, கட்டியா என்று தொட்டுப் பார்த்து மூளைக்குச் சொல்லிவிடும். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு காற்றை மட்டும் யாருக்கும் தெரியாமல் விட முடிகிறதே, இந்த ஏற்பாடு இல்லை என்றால் அவ்வளவுதான். அதோடு மலக்குடலைப் பின்னாலிருந்து ஒரு தசை கொக்கி போட்டு முன்னுக்கு இழுத்து வைத்திருக்கிறது, ரப்பர் குழாயை மடித்தால் தண்ணீர் நிற்கிற மாதிரி. குந்தி உட்காரும்போது அந்த மடிப்பு நிமிர்கிறது. அப்பாவுக்கு முட்டி வலி என்று வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியிருந்தால் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொடுங்கள், பாதிப் பேருக்குப் பேதிப் பொடி தேவைப்படுவதே இதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

சரி, கறுப்பு. நிலாவரையில் இருக்கும் சென்னோசைடு சிறுகுடலில் ஒன்றும் செய்யாது, உள்ளே ஏறவும் செய்யாது, அப்படியே கடந்து போகும். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் அது பேதி மருந்தாகவே மாறுகிறது. ராத்திரி குடித்தால் காலையில் வேலை செய்வதும் இதனால்தான், போய்ச் சேரவே அவ்வளவு நேரம். அக்கா கேட்ட கேள்விக்கும் இதுவே பதில்: உடைப்பவர்கள் வால்வுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் அவ்வளவாக இல்லை, அதனால் கறுப்பும் வால்வோடு நிற்கிறது. உடைந்து வந்த பொருள் உள்சுவரின் செல்களில் கொஞ்சத்தைச் சாகடிக்கிறது. செத்ததைச் சுவருக்குள் இருக்கும் துப்புரவு செல்கள் விழுங்குகின்றன, விழுங்கியதில் செரிக்காமல் தங்குவது லிப்போஃபியூசின் என்கிற பழுப்பு நிறமி. அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் தோலுக்குக் கறுப்பு தரும் மெலனின் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள், பெயர் தப்பு, ஆனால் ஒட்டிக்கொண்டது. குடலில் உண்மையிலேயே ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர் ஒன்றுதான். ஆக, கறை இருப்பது சுவரின் மேல் இல்லை, சுவருக்குள்ளே. எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் போகாது. பொடியை நிறுத்தினால் சில மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் தானாக வெளுத்துவிடும். இதைப் புற்றுநோயின் ஆரம்பம் என்று யாரும் கருதுவதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

மலம் காறையாக ஒட்ட முடியாததற்கும் காரணம் இருக்கிறது. உள்சுவரில் கோழை சுரந்துகொண்டே இருக்கிறது, அந்த வழவழப்பின் அடியில் இருக்கும் செல்கள் நாலைந்து நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வருகின்றன. வாரத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்கும் சுவரில் பத்து வருஷத்துப் பாசி எப்படிப் படியும்? 5 கிலோ ஃபார்வர்டு எழுதியவரிடம் இதைக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லாமல் போனால் பெருங்குடலுக்குத் துரோகம். மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மிச்சத்தில் பெரிய பங்கு பாக்டீரியா. நாம் செரிக்க முடியாத நாரையும் மாவையும் அவை நொதிக்க வைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று சின்னச் சின்னக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் செல்கள் ரத்தத்தில் வரும் குளுக்கோஸைவிட இந்தப் பியூட்டிரேட்டைத்தான் முக்கியமான சாப்பாடாக எடுத்துக்கொள்கின்றன. இந்த அமிலங்கள் உள்ளே ஏறும்போது உப்பும் தண்ணீரும் கூடவே ஏறும். வேலூர் சி.எம்.சி.யில் இதை வைத்து ஒரு வேலை செய்தார்கள். காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிற மக்காச்சோள மாவைக் கலந்து கொடுத்தார்கள், பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சிறுகுடல் கைவிட்டதைப் பெருங்குடலைக் கொண்டு ஈடுகட்டுகிற யோசனை. ஆறிய சோற்றிலும் அந்த மாதிரி மாவு கொஞ்சம் கூடுகிறது, அதற்காகப் பழைய சோறு எல்லா நோய்க்கும் மருந்து என்று அடுத்த ஃபார்வர்டு கிளப்பிவிடாதீர்கள்.

பொடியை நிறுத்துவது பற்றி: அப்பாவின் குடலை அந்தப் பொடி தினமும் துடைத்துக் காலி செய்துகொண்டிருந்தது. நிறுத்தினால் களம் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை ஒன்றும் வராது. எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான், மறுநாள் வரவில்லையே என்று பதறி ராத்திரியே மறுபடி ஒரு ஸ்பூன். வருஷக்கணக்காகப் பேதி எடுத்தால் பொட்டாசியமும் கூடவே போகும், கால் இழுப்பது, அசதி என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். ஒரேயடியாக நிறுத்துவதா, குறைத்துக்கொண்டே வருவதா, இசப்கோல் மாதிரி எதையாவது இடையில் கொடுப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும்.

உப்பளத்துக்காரன் எழுதியது:

எல்லாரும் சேர்ந்து நிலாவரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். அது எங்கள் ஊர் இலை ஐயா. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்துக் காட்டில் மழையை நம்பிப் போடுவார்கள், இலையை உருவி நிழலில் உலர்த்தி மூட்டை கட்டுவார்கள், தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குப் போகும். வெள்ளைக்காரன் மருந்துப் புத்தகத்திலேயே இதற்குப் பெயர் "டின்னவேலி சென்னா", திருநெல்வேலியை அவன் வாயில் போட்டு மென்ற லட்சணம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது.

இலையில் தப்பில்லை, தினமும் சாப்பிடுவதுதான் தப்பு. சித்த மருத்துவத்தில் பேதிக்குச் சொல்கிற கணக்கே நாலு மாதத்துக்கு ஒருமுறை. எங்கள் ஆச்சி பள்ளிக்கூட லீவில் பேரன் பேத்திகளை வரிசையாக உட்கார வைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார், மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டு வாயில் ஒரு துண்டு கருப்பட்டி, அன்றைக்கு ரசம் சோறுதான். அது வருஷத்துக்கு இரண்டு தடவை. தினமும் ராத்திரி ஒரு ஸ்பூன் என்பது ஆச்சிக்குத் தெரியாத வைத்தியம், டப்பாவில் அடைத்து விற்க வந்த பிறகு வந்த வைத்தியம்.

எலும்பும்தசையும் எழுதியது:

உப்பளத்து அண்ணாச்சி சொல்வது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் "குடலில் விஷம் சேர்கிறது" என்கிற பயம் டப்பாக்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை, பெரிய பெரிய தலைகளே அதில் விழுந்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆர்பத்நாட் லேன் என்கிற பேர்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பாரிஸில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இருந்த மெச்னிகாஃப், 1908இல் நோபல் வாங்கியவர், பெருங்குடல் மனிதனுக்குத் தேவையில்லாத உறுப்பு, முதுமையே அங்கே அழுகுவதால்தான் வருகிறது என்று எழுதினார், அதற்காகவே தினமும் புளித்த பால் குடித்தார். அந்தக் கொள்கை பிறகு செல்லாக்காசாகிவிட்டது, தயிர் மட்டும் தப்பித்துக்கொண்டது.

குழாய் விட்டுக் கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 1978க்கும் 1980க்கும் இடையில் இப்படிக் கழுவிய ஒரு இடத்தின் கருவி வழியாகவே அமீபா தொற்றி, 10 பேருக்குக் குடலை வெட்டி எடுக்க வேண்டியதாகி, சிலர் இறந்தும் போனார்கள். சித்தப்பா பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள்.

பையோடு_ஒருவன் எழுதியது:

பெருங்குடல் தேவையில்லாத உறுப்பு என்று சொன்ன அந்த நோபல் பெரியவரைச் சந்தித்தால் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. எனக்கு 41 வயது. பெருங்குடல் புண் நோய், மருந்துக்குக் கேட்கவில்லை, ஆறு வருஷத்துக்கு முன் முழுதாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள், அதன் மேல் பை. அது இல்லாமல் வாழ முடியுமா என்றால் முடியும், வேலைக்குப் போகிறேன், பைக் ஓட்டுகிறேன். ஆனால் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது போன பிறகுதான் தெரிந்தது.

முதல் மாதம் பையில் தண்ணீர் தண்ணீராகக் கொட்டியது. தாகத்துக்கு வெறும் தண்ணீர் குடிக்கக் குடிக்க இன்னும் அதிகமாகக் கொட்டியது, கை கால் துவண்டு இரண்டு முறை டிரிப் ஏற்றினார்கள். அப்புறம்தான் ஒரு நர்ஸ் உட்கார வைத்துச் சொன்னார், உங்களுக்குத் தண்ணீர் போதாததைவிட உப்பு போதவில்லை, அதை இழுத்துப் பிடிக்கிற ஆள் இப்போது இல்லை என்று. அன்றிலிருந்து உப்பு போட்ட கஞ்சி, உப்பு தூக்கலாக நீர்மோர். இப்போது அளவு முக்கால் லிட்டருக்குள் வந்துவிட்டது. சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டால் கெட்டியாகும். தேங்காய்த் துருவலும் காளானும் சரியாக மெல்லாமல் போனால் பைக்குள் திறக்கும் வாயிலில் அடைத்துக்கொள்ளும், ஒருமுறை கல்யாண வீட்டு அவியலில் மாட்டிக்கொண்டு அரைநாள் துடித்தேன். இப்போது தேங்காய்ச் சட்னியை மை மாதிரி அரைத்துக் கொடுக்கிறாள் வீட்டில்.

களம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குக் களம் இல்லை, ஈர நெல்லை அப்படியே மூட்டை கட்டுகிறேன். மேலூர் நண்பரே, உங்கள் அப்பாவுக்குக் களம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதானே. இருக்கட்டும்.

மேலூர்க்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் நன்றி. எல்லாப் பதிலையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், பையோடு இருக்கும் அண்ணன் எழுதியதை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஏழு முறை கழுவும் பேச்சை எடுக்கவில்லை.

பயாப்ஸி வந்துவிட்டது, அடினோமா என்கிற வகைச் சின்னப் பாலிப், முழுதாக எடுத்தாயிற்று, புற்று எதுவும் இல்லை, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு படத்தில் குடல்வாலின் வாயும் வால்வும் இருக்கிறது அக்கா, பார்த்துவிட்டேன். பொட்டாசியம் கொஞ்சம் கம்மியாக இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள். பொடியை டாக்டர் சொன்னபடி குறைத்துக் குறைத்து நிறுத்தினோம். நிறுத்திய பிறகு மூன்று நாள் ஒன்றும் இல்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார், அம்மா பொடி டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டார். நாலாம் நாள் காலையில் காபி பாதி டம்ளர்கூட முடியவில்லை, எழுந்து போய்விட்டார். வந்து உட்கார்ந்து மீதிக் காபியைக் குடித்துவிட்டு, "அலைன்னு போட்டிருந்தானே, அது நெசந்தான்" என்றார்.

அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. இசப்கோல் தொடங்கிய பிறகு காற்று அதிகமாகப் பிரிகிறது, சில நாள் நாற்றமே இல்லை, சில நாள் வீட்டில் இருக்க முடியவில்லை. ஏன்?

எலும்பும்தசையும் எழுதியது:

காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன், இவை எதற்கும் வாசனை கிடையாது. நாற்றம் பெரும்பாலும் மிகக் கொஞ்சமாக இருக்கும் கந்தகச் சேர்மங்களின் வேலை. முட்டை, கோஸ், வெங்காயம், பூண்டு சாப்பிட்ட மறுநாள் எப்படி என்று குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாரைப் பழக்கிக்கொள்ளும்வரை காற்று கொஞ்சம் கூடத்தான் செய்யும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும்.

மேலூர்க்காரன் எழுதியது:

சொன்னேன். கோஸை விட்டுவிடுகிறாராம். முட்டையைப் பற்றி மட்டும் பேசக் கூடாதாம்.